சுருக்கங்களைக் கடைசியில் போடு

சரவணா,

போனில் நீ கேட்ட இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கல்யாணம் முடிகிற வரைக்கும் உங்க நைனாவைத் திருப்பதியில் நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற அந்த ஹோமில் சேர்த்துவிடலாம் என்றாய். நான் அவரை வரைந்து வைத்திருக்கிற படங்களையெல்லாம், பெண் வீட்டார் மறுபடி வருவதற்குள் எரித்துவிடச் சொன்னாய். நான் 'உம்' என்றேன். அதைச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டிருந்தால் தப்பு. அடுப்பில் கஞ்சி பொங்கிக்கொண்டிருந்தது, அதனால் 'உம்' என்றேன். போனில் உன்னிடம் எதையும் பேசி முடிக்க முடியாது. காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஸ்ரீசிட்டி ஃபாக்டரிக்குள் நடந்துகொண்டே பேசுகிறவன் நீ. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "ஒன் மினிட்மா" என்று வேறு யாரிடமோ தெலுங்கில் போய்விடுவாய். காகிதத்தில் அது நடக்காது. கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். வேலூரில் ஆபரேஷன் செய்து எடுத்த கட்டி அவர் மண்டைக்குள் மறுபடி வளர்ந்துவிட்டது. இனிமேல் கத்தி வைத்துப் பிரயோஜனமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் வரைக்கும் தாங்குவாரா என்று நீ டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதும், அவர் உதட்டைப் பிதுக்கியதும் எனக்குத் தெரியும். அப்பா போய்விட்டால் ஒரு வருஷம் நல்ல காரியம் கூடாது. அதனால்தான் காணிப்பாக்கம் கோயிலில் முகூர்த்தத்தை முன்னுக்கு இழுத்தீர்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நானே சரி என்றவள்தான். முகூர்த்தத்தை இழுப்பது வேறு, படுத்துக் கிடக்கிற மனிதரை வண்டியில் ஏற்றி ஒதுக்குவது வேறு. அவர் உயிர் எந்தக் கட்டிலில் போகப்போகிறது என்பதுதான் இப்போது கேள்வி. அதை நீ ஏதோ சாமான் செட்டை இடம் மாற்றுவது மாதிரி கேட்டாய்.

படங்களைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஏன் வரைகிறேன் என்று நீ இதுவரை கேட்டதில்லை. அம்மா டிராயிங் டீச்சர், அதனால் வரைகிறாள் என்று விட்டுவிட்டாய். திருப்பதியில் நான் டிராயிங் டிரெய்னிங் படித்த காலத்தில் எங்களுக்கு ஒரு மண்பானையும், விரல் உடைந்த ஒரு சுண்ணாம்புக் கையும்தான் மாடல். மனித உடம்பை வரையக் கற்றுக்கொள்ள உடம்பு வேண்டுமல்லவா? ஒரு வயசுப்பெண் யாரிடம் போய்க் கொஞ்சம் அசையாமல் உட்காருங்கள் என்று கேட்பாள்? சித்தூர் வண்டிக்காக ஸ்டேஷனில் காத்திருக்கும்போதுதான் வழி கிடைத்தது. மலையிலிருந்து இறங்கிய ஜனம் பிளாட்பாரம் முழுக்கப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறவர்கள் அசைய மாட்டார்கள், ஏன் பார்க்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். அதில் பாதிப் பேர் மொட்டை. ஆண், பெண், குழந்தை என்று எல்லாத் தலையிலும் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கும். வரைகிறவர்களுக்கு முடியைப் போல ஏமாற்று எதுவும் கிடையாது. மண்டையைத் தப்பாகப் போட்டுவிட்டு மேலே முடியைக் கிறுக்கி மறைத்துவிடலாம். மொட்டையில் அந்த வேலை நடக்காது. நெற்றி எங்கே மடங்கிக் கன்னப்பொட்டாகிறது, பின்மண்டை எங்கே இறங்கிப் பிடரியாகிறது, காது எந்த மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று எல்லாமே வெளியே தெரியும். தலை வரைய எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த பிளாட்பாரம்தான்.

அப்புறம் உங்க நைனாவைக் கட்டிக்கொண்டேன். அவர் சித்தூர் - திருப்பதி ரூட்டில் பஸ் டிரைவர். விழித்திருக்கும்போது ஒரு நிமிஷம் ஒழுங்காக உட்கார மாட்டார், காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். கல்யாணமான புதிதில், உங்களை வரையட்டுமா என்று கேட்டேன். "நான் தூங்கறப்ப இன்னா வேணா பண்ணிக்கோமே, முழிச்சிக்கினு கீறப்ப என்னெ வுட்டுடு" என்றார். அன்றையிலிருந்து அவர் டியூட்டி முடித்து வந்து படுத்தால் நான் டிராயிங் பேடை எடுத்துக்கொள்வேன். சில நாள் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டே "ஆச்சாமே, மீசையெ நல்லா போட்டியா" என்பார். நீயும் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவன்தான். எங்க நைனா எந்நேரமும் தூங்கிக்கினே இருக்கும் என்று ஸ்கூலில் சொல்லி அவர் மானத்தை வாங்கினாய். அவருக்கு அதில் வந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒரு உடம்பை எப்படி வரைய ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்கிறேன், கேள். எல்லோரும் முகத்தில் ஆரம்பிப்பார்கள். கண்ணைப் போட்டு, இமையைப் போட்டு, அதற்குள் இடம் போதாமல் காலைக் காகிதத்துக்கு வெளியே விட்டுவிடுவார்கள். முகத்தை விட்டுவிடு. பாரம் எங்கே விழுகிறது என்று பார். நிற்கிறவர் என்றால் எந்தக் காலில் நிற்கிறார்? படுத்திருப்பவர் என்றால் எந்த இடம் பாயை அழுத்துகிறது? அதைப் பிடித்துக்கொண்டு கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே ஒரு கோடு, பென்சிலை அழுத்தாமல், தொட்டும் தொடாமலும் போடு. அந்தக் கோடு சரியாக விழுந்துவிட்டால் மீதி எல்லாம் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரப்பரை எடுக்காதே. தப்பான கோடு இருக்கட்டும், அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடு. அழித்தால் எங்கே தப்பாகப் போட்டோம் என்பதும் சேர்ந்து அழிந்துவிடும். பிறகு பெரிய நிழல்கள். எலும்பு எங்கே மேலே வருகிறது, சதை எங்கே குழிகிறது என்பது மட்டும். சுருக்கம், மச்சம், தழும்பு, நரை எல்லாம் கடைசியில். கிழவனை வரையச் சொன்னால் எடுத்த எடுப்பில் நெற்றியில் நாலு கோடு இழுக்கிற பிள்ளைகளுக்கு நான் மார்க் போட்டதே இல்லை. முதலில் ஆள் வரவேண்டும், வயசு அப்புறம் வரும்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதே. அவர் தூங்கும்போது இடது பக்கம் உதடு மூடவில்லை என்பதை நான் வரையும்போதுதான் கண்டேன். மூன்று நாள் வரைந்தும் அந்தக் கோடு அதேமாதிரி வந்தது. என் கை கோணவில்லை, அவர் வாய்தான் கோணுகிறது என்று புரிந்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். போன மாதம் பாதத்தை வரைந்துகொண்டிருந்தபோது குதிகாலில் நிழல் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தால் தோல் கன்றிப் புண் வைக்க ஆரம்பித்திருந்தது. வந்துபோகிற நர்ஸ் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, அவளுக்கு இன்னும் எத்தனையோ வீடு. நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் தெரிந்தது. நீ எரிக்கச் சொன்ன கத்தையில் அந்தக் குதிகாலும் இருக்கிறது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ அதைப் பற்றிப் பேசவே பிடிக்காமல் இருக்கிறாய். அதனால் நானே சொல்கிறேன். புத்தூரிலிருந்து திவ்யாவும் அவள் அம்மாவும் பட்டுப்புடவை காட்ட வந்திருந்தார்கள். காலையில் நான் ஜன்னல் வெளிச்சத்தில் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து தலையை வரைந்துகொண்டிருந்தேன். ஆபரேஷனுக்குச் சிரைத்த தலையில் அதற்கப்புறம் முடி வளரவில்லை. தழும்பு வலது பக்கம், அது தெரியவில்லை. மண்டை வந்தாகிவிட்டது, மூடின கண் வந்தாகிவிட்டது, காது, தாடை, பெரிய நிழல் எல்லாம் வந்தாகிவிட்டது. சுருக்கம் மட்டும் பாக்கி. அதற்குள் கார் சத்தம் கேட்டு, பேடைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டுக் காபி போடப் போனேன். சம்பந்தியம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கள்ளம் கபடம் இல்லாமல்தான் கேட்டாள்: "இன்னாங்க சம்பந்தி, மாப்ளைக்கு மொட்ட போட்டு வரைஞ்சி வெச்சிக்கீறீங்க? மலைக்கு எதுனா வேண்டிக்கினு கீறீங்களா?"

நீ எட்டிப் பார்த்தாய். உன் முகம் வெளிறியதை நான் காபித் தட்டோடு நின்று பார்த்தேன். மொட்டைத் தலை, மூடின கண், ஒட்டின கன்னம், நீ. கல்யாண மாப்பிள்ளைக்கு மொட்டை என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாம். "கல்யாணத்த வெச்சிக்கினு இன்னாம்மா வேல இது! என்னெ எதுக்கு இப்டி வரைஞ்ச?" என்று கத்திக்கொண்டே குறுக்காகக் கிழித்தாய். "டேய், அது நீ இல்லடா, உங்க நைனாடா" என்று நான் சொன்னபோது அது இரண்டு துண்டாகிவிட்டிருந்தது. ஒன்று சொன்னால் என்னை அடிக்க வருவாய். ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. மண்டை சரியாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். வயசை எடுத்துவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே தலைதான், சரவணா. அதே நீட்டுப் பின்மண்டை, அதே இறங்கின காது. உன் சின்ன வயசில் மலையில் உனக்கு முதல் மொட்டை போட்டபோதே பார்த்தேன். இடையில் முடி வளர்ந்து மறைத்துக்கொண்டது.

பெருமை அந்த ஒரு நொடிதான். அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. நைனா என்று நான் சொன்ன பிறகு நீ கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தாய், தரையைப் பார்த்தாய், சம்பந்தியம்மாவைப் பார்த்தாய். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கட்டிலைப் பார்க்கவில்லை. அவர் "ஓல்டான்" என்றார். இப்போது அவரிடம் மிச்சமிருக்கிற வார்த்தை அது ஒன்றுதான், பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற வார்த்தை. புரட்டிப் போடும்போது வலித்தால் அதைத்தான் சொல்வார். அன்றைக்கு அவரை யாரும் புரட்டவில்லை. வலித்துச் சொன்னாரா, உன்னை நிற்கச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. நீ நிற்கவில்லை, கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாய். திவ்யாதான் இரண்டு துண்டையும் பொறுக்கி மேஜை மேல் வைத்தாள். அவர் தலைமாட்டுக்குப் போய் "மாமா" என்று கூப்பிட்டாள். அவர் கண்ணைத் திறந்தார்.

நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. காற்று நிரப்பும் மெத்தை, மடக்குகிற கட்டில், மருந்து, மாத்திரை என்று எது கேட்டாலும் மறுநாள் வாசலில் வந்து இறங்குகிறது. அக்கம்பக்கத்தில் இப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்கிறார்கள். ஆனால் நீ வந்தால் அறை வாசலில் நிற்கிறாய். "துன்னாரா?" என்று என்னைக் கேட்கிறாய். நான் துன்னார் என்றால் போனைப் பார்த்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுகிறாய். பயப்படுகிறாய். பயப்பட வேண்டியதுதான், நானும் பயப்படுகிறேன். ஆனால் பார்க்காமல் இருந்தால் பயம் குறையும் என்று யார் சொன்னது? வாசலில் நின்று பார்க்கிறவனுக்கு அங்கே கிடப்பது வியாதி மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அது உங்க நைனா. கிளட்ச் மிதித்து மிதித்துக் காய்த்துப்போன இடது கால் கட்டைவிரல் இன்னும் அப்படியே இருக்கிறது. ஸ்டீயரிங் பிடித்த பழக்கத்தில் வலது தோள் இறங்கியிருப்பதும் அப்படியே. மண்டைக்குள் இருக்கிற கட்டிக்கு அதெல்லாம் இன்னும் எட்டவில்லை.

ஹோமையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நர்ஸை உட்காரவைத்துவிட்டு, ஊருக்கு ஊர் நிற்கிற பல்லெவெலுகு பஸ்ஸில் ஏறி, புத்தலப்பட்டு வழியாக, அவர் ஆயுசு முழுக்க ஓட்டின அதே ரோட்டில் போனேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. பினாயில் போட்டுத் துடைத்திருந்தார்கள், ஃபேன் ஓடியது. வரிசையாகக் கட்டில்கள். எல்லோருக்கும் கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. துணிதான் தெரிந்தது, அடியில் ஆள் எப்படிப் படுத்திருக்கிறார் என்று தெரியவில்லை. அங்கே வேலை செய்கிற அம்மா, "பயம் லேதம்மா, நாங்க பாத்துக்கினுதானே கீறோம், நேரத்துக்குத் திருப்பிப் போடுவோம்" என்றாள். எந்தப் பக்கம் திருப்பினால் கத்துவார், எந்தப் பக்கம் கத்த மாட்டார் என்று தெரிந்துகொள்வீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் எப்டிம்மா தெரியும், இத்தினி பேரு கீறாங்களே" என்று சிரித்தாள். உண்மையைத்தான் சொன்னாள். பையில் பேடும் பென்சிலும் இருந்தன. எடுக்கத் தோன்றவில்லை. வரும் வழியில் காணிப்பாக்கம் விலக்கில் பஸ் நின்றபோது கோயில் இருக்கிற பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். உன் கல்யாணத்தை நினைத்தா, அந்த வெள்ளைத் துணியை நினைத்தா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே என் பதில் இது. அவர் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டார். கல்யாணம் குறித்த நாளில் நடக்கட்டும். தாலி கட்டும் நேரத்துக்கு நான் காணிப்பாக்கத்தில் நிற்பேன், அட்சதை போடுவேன், சாப்பாட்டுக்கு நிற்காமல் திரும்பிவிடுவேன். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அதற்கு முன்னால் அவர் போய்விட்டால் மறைக்க மாட்டேன். போனை எடுத்து உனக்கு உடனே சொல்வேன். கல்யாணம் நின்றால் நிற்கும், திவ்யா காத்திருப்பாள். மாமா என்று கூப்பிட்ட குரலில் அது தெரிந்தது. அவளைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன், கல்யாணத்துக்குப் புத்திமதி என்று வைத்துக்கொள். தினம் சாயங்காலம் அவள் எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறாள் என்று பார். அவள் வாய் திறந்து சொல்லாததில் பாதி உனக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

படங்களை நான் எரிக்க மாட்டேன். உனக்கு எரிக்கத்தான் வேண்டும் என்றால் வந்து ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு நீயே எரி, தடுக்க மாட்டேன். நீ கிழித்ததை ஒட்டவில்லை. மறுநாளே அதே இடத்தில் உட்கார்ந்து புதிதாக வரைந்தேன். இந்தத் தடவை முடித்துவிட்டேன். நெற்றிக் கோடுகள், கன்னத்துக் குழி, கண்ணுக்குக் கீழே தொங்கும் பை எல்லாம் போட்டாகிவிட்டது. இனி யாரும் அதை நீ என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் உன்னை ஒன்று கேட்கிறேன். கல்யாணத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு நாள் நீ மொட்டை போட்டுக்கொண்டு நிற்கத்தான் போகிறாய். நெருப்புக் கொடுக்கிறவன் நீதான், வேறு யாருமில்லை. அன்றைக்குக் குளித்துவிட்டு வந்து கண்ணாடியைப் பார்ப்பாய். அதில் உங்க நைனா நிற்பார். அதே பின்மண்டை, அதே காது, சுருக்கம் மட்டும் இருக்காது. அன்றைக்கு நீ கிழித்துப் போட ஒன்றும் இருக்காது, கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடவும் முடியாது. அந்த முகத்தை அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறவன் மாதிரி நீ நிற்கக் கூடாது. உன்னை அப்படி நிற்க விட எனக்கு மனசில்லை. அதனால்தான் கெஞ்சுகிறேன், அவர் மூச்சு இருக்கும்போதே வந்து பார்.

வருகிற சனிக்கிழமை வா. ஒன்றும் வாங்கி வராதே. அவருடைய இடது பக்கம், ஜன்னலோரம், என் ஸ்டூலில் உட்கார். உனக்கு வரைய வராது, தெரியும், ஏழாவதில் நீ போட்ட மாடு இன்னும் என்னிடம் இருக்கிறது. பரவாயில்லை. முகத்துக்கு இப்போது போகாதே, பாதத்தில் ஆரம்பி. அந்தக் கட்டைவிரலைப் பார். பென்சிலை நான் சீவி வைக்கிறேன்.

உன் அம்மா